ஏழாவது புத்தகத்து யானை

பாளையங்கோட்டையில் பெருமாள்புரத்தையும் தாண்டி, டவுன் பஸ் திரும்புகிற இடத்துக்கு அடுத்தாற்போல், செண்பகம் குடியிருப்பு என்று நாலு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. பதினாறு வீடு, ஒரு லிஃப்ட், ஒரு ஆழ்குழாய்க் கிணறு, ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்குள் எந்நேரமும் தீராத ஒரு சண்டை. அங்கே மூன்றாம் மாடியில் குடியிருந்த மங்கையர்க்கரசியின் வீட்டுப் புத்தக அலமாரியிலிருந்து ஒரு யானை இறங்கி எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த சங்கதியை நம்பாதவர்கள் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். லிஃப்ட் ஓடுகிற நாளாகப் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மங்கை என்று எல்லோரும் கூப்பிட்ட மங்கையர்க்கரசி லேசில் எதையும் நம்புகிறவள் இல்லை. பால்காரர் முன்னால் வைத்தே பாலில் விரலை விட்டு நகத்தில் நிற்கிறதா என்று பார்ப்பாள். கொடியில் காயப்போட்ட துணியைக் கிளிப்போடு சேர்த்து எண்ணுவாள். மழை பெய்கிறது என்று புருஷன் சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகே குடையை எடுத்துக் கொடுப்பாள். எதிர்வீட்டு ஜெசிந்தா டீச்சரின் மகன் ரூபன் சித்திரை மாதத்தில் நீல ஃப்ரேம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தபோது, மங்கையின் ஆறு வயது மகள் பூரணி, "எனக்கும் கண்ணாடி வேணும்மா" என்று வந்து நிற்க, "அவன் போட்டா ஒனக்கும் வேணுமோ? ஸ்கூலுக்கு டாக்டர் வந்து பாத்தப்ப அத்தன எழுத்தையும் கடகடன்னு சொன்னவதான நீ" என்று ஒரே கேள்வியில் அதை முடித்து வைத்தாள். தெரு முனையில் இளநீர் வாங்கினால்கூட காயை முதலில் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். அவள் புருஷன் ஆவுடையப்பன் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். சந்தேகத்தையெல்லாம் ரயிலிலேயே இறக்கிவிட்டு வருகிற மனுஷன். ஆகவே வீட்டுக்கு வேண்டிய சந்தேகம் முழுவதையும் அவள் ஒருத்தியே சுமக்க வேண்டியிருந்தது.

அந்த வீட்டின் மூன்றாவது படுக்கையறையை விருந்தாளிகளுக்கென்று விடாமல் பூரணியின் விளையாட்டு அறை ஆக்கியதில் மாமனார் வீட்டாருக்கு இன்று வரைக்கும் மனத்தாங்கல் உண்டு. மங்கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிறுவயதில் அவளுக்குச் சொந்தமாக இருந்த புத்தகம் பாடப்புத்தகம் ஒன்றுதான். அதுவும் அடுத்த வருஷம் தம்பிக்குப் போய்விடும். அதனால் பூரணி வயிற்றில் இருக்கும்போதே வாங்க ஆரம்பித்து, நூற்றுப் பன்னிரண்டு கதைப் புத்தகம் சேர்த்து, ஆசாரியை வரவழைத்து நாலு தட்டு வைத்த கண்ணாடி அலமாரி ஒன்று செய்து, சுவரோடு சேர்த்து நிறுத்தினாள். அட்டைப் படம் அழுக்காகிவிடும் என்று அத்தனை புத்தகத்துக்கும் பள்ளிக்கூடப் புத்தகம் போலக் காக்கித்தாள் உறை போட்டு, லேபிள் ஒட்டி, உயரவாரியாக அடுக்கி, சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். கை கழுவிவிட்டு வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான். எங்கிருந்து எடுத்தார்களோ அங்கேயே வைக்க வேண்டும். நாலு வருஷத்தில் ஒரு புத்தகம் ஒரு விரற்கடை இடம் மாறினதில்லை.

இந்தச் சட்டத்தைப் பூரணி கடைப்பிடித்ததுபோல யாரும் கடைப்பிடித்தது கிடையாது. அலமாரி முன்னால் வந்து நின்று, புத்தக முதுகுகளின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டி, வாய்க்குள்ளேயே ஒன்று இரண்டு என்று எண்ணி, வேண்டிய புத்தகத்தை உருவி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் ஒரு வரி விடாமல் படிப்பாள். படித்து முடித்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே சந்துக்குள் செருகிவிடுவாள். கீழே மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாட மாட்டாள், சைக்கிள் வேண்டாம் என்பாள், படி இறங்கக்கூட அம்மா கையைப் பிடிப்பாள், ஆனால் அந்த அறைக்குள் அவள்தான் ராணி. பார்க்க வந்த உறவுக்காரர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். மங்கை அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகப்படவில்லை.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குற்றாலத்துச் சாரல் காற்று வழிதவறிப் பாளையங்கோட்டை வரைக்கும் வந்து ஜன்னல் திரையை ஆட்டிக்கொண்டிருந்த பிற்பகலில், குடியிருப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வழக்கம்போலக் கை கழுவி விளையாட்டு அறைக்குள் வந்தார்கள். மூன்றாவது தட்டில் இடமிருந்து ஏழாவது புத்தகத்தை விரித்த ரூபன் அழ ஆரம்பித்தான்.

"ஆன்ட்டி, யானையக் காணோம்."

மங்கை வந்து பார்த்தாள். குளம் இருந்தது, குளத்தங்கரையில் அத்திமரம் இருந்தது, மரத்தில் குரங்கு இருந்தது, 'யானை வந்து நீர் குடித்தது' என்ற எழுத்தும் இருந்தது. யானை நின்ற இடத்தில் மிதிபட்டுச் சாய்ந்த புல் மட்டும்தான் இருந்தது. அது எப்படிப் போயிருக்கும் என்று மங்கைக்குத் தோன்றவே இல்லை. யார் எடுத்தது என்றுதான் தோன்றியது. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துச் சட்டைப்பையைத் தடவினாள். ரூபன் பையில் பாதி தின்ற கடலைமிட்டாய்தான் கிடைத்தது. மறுநாள் காலையில் வீடு பெருக்க வந்த இசக்கியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டாள். இசக்கியம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"யம்மா, யானையத் தூக்கிட்டுப் போயி நான் எங்கன வச்சித் தீனி போட? எங்க வீட்ல கோழி நிக்கவே எடம் கெடையாது."

அன்று சாயங்காலம் ஜெசிந்தா டீச்சர் தானே வந்து கதவைத் தட்டினாள். சங்கத்துச் செயலாளரும் அவள்தான். எதையும் நோட்டீஸ் போர்டு வாசிப்பதுபோல் தெளிவாகச் சொல்லுவாள். "மங்கை, கோவப்படாமக் கேளு. ஒங்க யானை எங்க வீட்ல நிக்கு."

"எங்கன?"

"ரூபனோட ரயில் புத்தகத்துல. பிளாட்பாரத்துல."

மங்கை செருப்பைக்கூடப் போடாமல் போய்ப் பார்த்தாள். நாலாம் பக்கத்தில் ரயிலடி, டீக்கடை, தண்ணீர்க்குழாய், குழாய்க்குப் பக்கத்தில் யானை. முன்னங்காலில் சிவப்பு கிரேயான் கோடு ஒன்று, பூரணி இரண்டு வயதில் கிறுக்கிவிட்டு அடி வாங்கிய அதே கோடு, காலோடு கூடவே வந்திருந்தது. ஆள் மாறாட்டத்துக்கு வழியில்லை.

"கூப்பிடாமயா வந்துச்சு?" என்றாள் மங்கை.

"நான் எதுக்கும்மா கூப்பிடுதேன்? எனக்கு ஸ்கூல்ல நாப்பது பிள்ளைகள மேய்க்கவே நேரம் பத்தல, இதுல யானைய வேற மேய்க்கணுமா?"

சண்டை முற்றி, லிஃப்ட் வரைக்கும் நீண்டு, இரண்டாம் மாடி ரஹ்மத் நிஷா ஏறி வந்து சமாதானம் சொல்லி, கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இரண்டு புத்தகத்தையும் விரித்து, குளத்துப் பக்கமும் ரயிலடிப் பக்கமும் முகத்தோடு முகம் ஒட்டும்படி வைத்து, அதன்மேல் நிறைந்த கேஸ் சிலிண்டர் ஒன்றை ஏற்றி, மறுநாள் மத்தியானச் சாப்பாட்டிலிருந்து காப்பி நேரம் வரைக்கும் ஆளுக்கொரு நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் யானை பிளாட்பாரத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. அத்திமரத்துக் குரங்கும் இறங்கிப் போய் டீக்கடைக் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எந்த வண்டிக்கு நிக்குன்னு கேட்டியா? நம்ம வீட்டு யானை, டிக்கெட் எடுக்காம ஏறாது" என்றார். மங்கை அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகு போக்கு நிற்கவே இல்லை. திங்கட்கிழமை முயல்கள் போயின, புதன்கிழமை தவளைகள் போயின, முதலை போயிற்று, ஒட்டகச்சிவிங்கி கழுத்தை மடக்கிக்கொண்டு போயிற்று, ஆடி முடிந்து ஆவணி பிறப்பதற்குள் கிளிகள் கூட்டமாகப் போயின, கரடி போகும்போது தேன்கூட்டையும் எடுத்துக்கொண்டு போயிற்று, ராஜா போனார், ராஜாவைத் தேடி மந்திரி போனார், மந்திரி போன பிறகு அரண்மனையில் என்ன வேலை என்று காவல்காரன் ஈட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். பக்கம் பக்கமாக மரமும் மலையும் மேகமும் எழுத்தும் மட்டும் மிச்சமாகிக்கொண்டு வந்தன. காய்கறிப் புத்தகம் ஒன்றுதான் சேதாரம் இல்லாமல் இருந்தது. கத்தரிக்காய்க்குக் கால் ஏது. மங்கை பூட்டை மாற்றினாள், அலமாரியைச் சுற்றி எறும்புப்பொடி தூவினாள், புத்தகத்துக்குப் புத்தகம் ரப்பர் பேண்டு போட்டாள். ரப்பர் பேண்டு அறுபடாமல் இருந்தது. உள்ளே இருந்தவை போயிருந்தன.

போனதெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கே போனது. முதல் பத்து நாள் வீட்டுக்கு வீடு புகார்தான். "அக்கா, ஒங்க கிளியெல்லாம் எங்க புள்ளையோட எழுத்து மேல வந்து உக்காந்திருக்கு, ஆனாவும் தெரியல ஆவன்னாவும் தெரியல" என்றாள் ரஹ்மத் நிஷா. நாலாம் மாடியில் பிள்ளையே இல்லாத வீட்டில் சமையல் குறிப்புப் புத்தகத்தில், மட்டன் பிரியாணிப் பக்கத்தில் புலி வந்து படுத்துக்கொண்டது. அந்த வீட்டம்மாள் அந்தப் பக்கத்தைத் தாண்டி நேராகப் பாயசத்துக்குப் போகப் பழகிவிட்டாள். அப்புறம் புகார் குறைந்தது. தண்ணீர் வராத நாளையும் லிஃப்ட் ஓடாத வாரத்தையும் பழகிக்கொண்டவர்களுக்கு இது எம்மாத்திரம். தாய்மார் பென்சிலை எடுத்துப் பக்க ஓரத்தில் கொஞ்சம் புல் வரைந்து வைத்தார்கள், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வரைந்து வைத்தார்கள், முயலுக்கு முள்ளங்கியா கேரட்டா என்று வாட்ஸப் குழுவில் காரசாரமாக விவாதித்தார்கள். காலை வணக்கப் பூப்படங்கள் போய், "முதலை இன்னைக்கு எங்க வீட்ல" என்று படம் போட்டார்கள். சங்கம் கூடி மூன்று தீர்மானம் நிறைவேற்றி நோட்டீஸ் போர்டில் ஒட்டியது: வந்து தங்கும் பிராணிகளை விரட்டக் கூடாது, தங்க இடம் கொடுத்தவர்கள் சொந்தம் கொண்டாடக் கூடாது, புலி இருக்கும் புத்தகத்தைச் சிறுவர் கையில் தனியாகக் கொடுக்கக் கூடாது. அதற்குக் கீழே லிஃப்ட் பழுது பற்றிய பழைய அறிவிப்பு அப்படியே இருந்தது.

வந்தது பழகின பிறகுதான், ஏன் வந்தது என்று நினைக்க அவர்களுக்கு நேரம் கிடைத்தது. பதினைந்து வீட்டுக்கும் வரவு, ஒரே ஒரு வீட்டிலிருந்து போக்கு. அந்த வீட்டில் அப்படி என்ன? கன்னி மூலையில் கண்ணாடி அலமாரி வைத்தால் இப்படித்தான் என்றார் தரைத்தள வீட்டுக்காரர். திருஷ்டி என்றார்கள் சிலர், ஒரு பூசணிக்காய் உடைத்தால் சரியாகிவிடும். புருஷன் பொண்டாட்டிக்குள் ஏதோ சரியில்லை என்றார்கள். "பிள்ளைய அடிப்பாளோ என்னவோ, அது ஒரு வார்த்த பேசாம சுவரப் புடிச்சுக்கிட்டே நடக்கு பாத்தியளா" என்று லிஃப்டுக்குள் ஒரு குரல் சொன்னதை, லிஃப்டுக்கு வெளியே நின்ற மங்கை கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் எட்டு ஆறாகி, ஆறு மூன்றாகி, ஒன்றும் இல்லாமல் ஆனார்கள். கடைசியில் ஜெசிந்தா டீச்சர் வந்தாள். அவளுக்கே சொல்லப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"மங்கை, வார ஞாயித்துக்கெழம கூட்டம். கொஞ்ச நாளைக்கு அந்த ரூமப் பூட்டி வைக்கச் சொல்லுதாக. நல்லது கெட்டது தெரியுத வரைக்கும்."

"எம் வீட்டு ரூமப் பூட்டச் சொல்ல நீங்க யாரு டீச்சர்?"

"நான் சொல்லல. எல்லாரும் சொல்லுதாக."

மங்கைக்கு அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை. மானம் போகிறதே என்பது ஒரு பக்கம். அந்த அறையும் பூட்டப்பட்டால் பூரணிக்கு இந்த உலகத்தில் வேறு எந்த இடம் இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். அதுதான் அவளை அதிகமாக வாட்டியது. திருடனைக் கூட்டத்துக்கு முன்னால் பிடித்தாக வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த புருஷனின் கறுப்புக் கோட்டை எடுத்துப் பையைத் திருப்பிப் பார்த்தாள், கிளி இறகு ஒட்டியிருக்கிறதா என்று மோந்துகூடப் பார்த்தாள். ரயில் வாசனைதான் அடித்தது. ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே வந்தபோது, இத்தனை நாளும் கண்ணெதிரிலேயே இருந்த ஒன்று சுருக்கென்று தைத்தது. யானை போனதற்கு ரூபன் அழுதான். முயல் போனதற்கு ரஹ்மத்தின் மகள் சாப்பிட மாட்டேன் என்றாள். யாருடைய புத்தகமோ அந்தப் பூரணி மட்டும் ஒரு நாள்கூட அழவில்லை. 'எங்கே போச்சு' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் தினமும் வந்து, எண்ணி, எடுத்து, படித்து, வைத்துவிட்டுப் போகிறாள்.

பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுகிறோமே என்று அவளுக்குக் கூச்சம் வரத்தான் செய்தது. கூச்சம் வந்தாலும் சந்தேகம் போகவில்லை. இவள்தான் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறாள். எதற்கென்று கேட்டால் சொல்ல மாட்டாள். கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும். வியாழக்கிழமை பூரணி பள்ளிக்கூடம் போனதும் மங்கை அலமாரியைத் திறந்தாள். எடுக்கிறவள் கைக்கு இடம் அத்துப்படி; இடத்தை மாற்றினால் கை தடுமாறும், தடுமாறுகிற இடத்தில் பிடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. நூற்றுப் பன்னிரண்டு புத்தகத்தையும் இறக்கிக் கலைத்து அடுக்கினாள். அந்தக் கோபத்திலும் உயரம் கோணலாகிவிடக் கூடாதென்று தட்டு மாறாமல் தட்டுக்குள்ளேயே இடம் மாற்றினாள். மூன்றாவது தட்டில் ஏழாவது இடத்தில், யானைப் புத்தகம் இருந்த சந்தில், அதே உயரமும் அதே கனமும் உள்ள காய்கறிப் புத்தகத்தை வைத்தாள். பூட்டினாள். துணி மடிக்கிற சாக்கில் கதவுக்குப் பின்னால் பாயைப் போட்டு வைத்தாள்.

நாலு மணிக்குப் பூரணி வந்தாள், பால் குடித்தாள், கை கழுவினாள், அம்மாவிடம் சாவியை வாங்கி விரலால் துளையைத் தடவிப் பூட்டைத் திறந்தாள். மங்கை கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். புத்தக முதுகுகளின் மேல் விரல் ஓடியது. வாய் முணுமுணுத்தது. விரல் எங்கேயும் தடுமாறவில்லை. ஏழாவதை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திருப்பி, எப்போதும்போல ராகம் போட்டு ஆரம்பித்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு குளம். யானை வந்து நீர் குடித்தது. குரங்கு மரத்திலிருந்து எட்டிப் பார்த்தது."

அவள் விரல் ஒரு பெரிய பூசணிக்காயின்மேல் இருந்தது. யானை என்று சொல்லும்போது அதை இரண்டு தட்டுத் தட்டினாள். பக்கத்தைத் திருப்பிக் கத்தரிக்காயைத் தடவிக்கொண்டு, "குரங்கே குரங்கே, கீழே இறங்கி வா" என்றாள்.

மங்கைக்கு முதலில் வந்தது கோபம்தான். தான் ஒளிந்திருப்பது தெரிந்து நையாண்டி செய்கிறாள் என்று நினைத்தாள். எழுந்து போய்ப் புத்தகத்தின் மேல் கையை வைத்தாள். "ஏட்டி, இது என்னது?"

"யானை."

"நல்லாப் பாத்துச் சொல்லு. இது என்னது?"

அம்மாவின் குரலில் இருந்ததைப் பிள்ளை அடையாளம் கண்டுகொண்டது. அது புத்தகத்தைத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கொஞ்சம் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் படும்படி திருப்பி, மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டது. உதடு கோணியது.

"ஏழாவதுதானம்மா எடுத்தேன்" என்றாள் பூரணி. "சரியாத்தானம்மா எண்ணினேன்."

மங்கையின் கை புத்தகத்தின் மேலேயே இருந்தது. கீழ்வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள், நிறுத்தினார்கள். அவள் முந்தானையைப் பிள்ளையின் முகத்துக்கு எதிரே மெதுவாக ஆட்டினாள். பூரணியின் கண் அவள் குரல் வந்த திசையிலேயே நின்றது. "எவ்வளவு நாளா பாப்பா இப்படி?" என்று கேட்டாள். அந்தக் குரல் அவளுக்கே தெரியாத குரலாக இருந்தது.

"எப்பவும் பொகை மாதிரிதானம்மா இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். ரூபன்தான் கண்ணாடி போட்டா பொகை போயிரும்ன்னான். அதான் ஒங்கிட்ட கேட்டேன்."

ஆவுடையப்பன் வரும்வரைக்கும் மங்கை காத்திருக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஜெசிந்தா டீச்சர் ஒரு கேள்வி கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்தாள். இந்த டீச்சரையா திருடி என்று நினைத்தோம் என்று போகிற வழியெல்லாம் மங்கைக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாஸ்பத்திரியில் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா, இரண்டு கண்ணிலும் புரை, பிள்ளைகளுக்கும் வருவதுண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்திருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் கண் பார்க்கவே மறந்துபோயிருக்கும் என்றாள். பள்ளிக்கூடத்தில் பரிசோதித்தார்களே என்றபோது, பூரணியே பதில் சொன்னாள். வரிசையில் அவளுக்கு முன்னால் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு தடவை கேட்டால் அந்த எழுத்தெல்லாம் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது? வீட்டுக் கதைகளும் அப்படியே அப்பா வாசித்துக் கேட்டவைதான்.

"வீட்ல ஒண்ணுமே சொல்லலியா பிள்ள?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"சொன்னா. நான்தான் நம்பல" என்றாள் மங்கை. யார் யாரையோ சந்தேகப்பட்டுத் திரிந்த அத்தனை நாளையும் நினைத்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அறையைப் பூட்டுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. சாப்பாடு கொண்டு போக யாருக்கு எந்த நாள் என்றுதான் பேசினார்கள். ஆவணிக் கடைசியில் பூரணிக்கு வலது கண்ணில் ஆப்பரேஷன் நடந்தது. மறுநாள் காலையில் கட்டுப் பிரிக்கும்போது கூட ஆவுடையப்பன் இருந்தார். மங்கை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். உண்மையில் அவளுக்கு அங்கே நிற்கத் தைரியம் இல்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று டாக்டரம்மா சொன்னதை அவள் நம்பவில்லை, எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். மாடிப்படியில் ரூபன் அழுதுகொண்டே நின்றான், ரயில் புத்தகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

"ஆன்ட்டி, யானையக் காணோம்."

பிளாட்பாரத்தில் டீக்கடை இருந்தது, டீக்கடைக் கூரைமேல் குரங்கு இருந்தது, தண்ணீர்க்குழாய் இருந்தது. மங்கை இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்க் கதவைத் திறந்து, அலமாரியைத் திறந்து, மூன்றாம் தட்டில் தான் கலைத்து வைத்ததில் ஏழாவது எங்கே போனதென்று தெரியாமல் லேபிளைப் படிக்கவும் பொறுமையில்லாமல் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துத் தேடினாள். பதினான்காவதில் அகப்பட்டது. குளத்தங்கரையில் யானை நின்றது. காலெல்லாம் சேறு, மூச்சிரைக்க வந்து நின்றதுபோல் காது முன்னால் மடங்கியிருந்தது. சிவப்புக் கோடு இருந்தது. அவள் அதையும் நம்பாமல் விரலால் தேய்த்துப் பார்த்தாள், கோடு அழியவில்லை. அப்போது போன் அடித்தது. ஆவுடையப்பன் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே, "தெரியும், சொல்லுங்க" என்றாள்.

மற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பின. இடது கண்ணில் இரண்டாவது ஆப்பரேஷன் முடிந்து, அது வலது கண் அளவுக்குத் தேறாது, பயிற்சி கொடுத்துக்கொண்டே பார்ப்போம் என்று டாக்டரம்மா சொன்ன வாரத்தில் முயலும் முதலையும் வந்தன, ராஜா வந்தார், மந்திரி ஒரு நாள் தாமதித்து வந்தார். கிளிகள் மட்டும் வரவேயில்லை. இன்றைக்கும் அவை ரஹ்மத் நிஷா வீட்டில் எழுத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஏன் போயின, ஏன் வந்தன என்பதற்கு அந்தக் குடியிருப்பில் பதினாறு வீட்டுக்கும் பதினாறு காரணம் உண்டு. கன்னி மூலைக்காரர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் சொல்ல வேண்டியது முதல் கட்டுப் பிரித்துப் பூரணி வீட்டுக்கு வந்த சாயங்காலத்தைப் பற்றி. கனத்த கண்ணாடி, நீல ஃப்ரேம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. மங்கை காக்கித்தாள் உறைகளை எல்லாம் கழற்றிவிட்டிருந்தாள். அலமாரி மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக இருந்தது. பூரணி நேராகப் போய் மூன்றாம் தட்டின்மேல் விரலை வைத்தாள், எண்ண வாயெடுத்தாள், அப்புறம் விரலை எடுத்துவிட்டு அட்டைகளைப் பார்த்தாள். மங்கை யானைப் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் விரித்து வைத்தாள். குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, பிள்ளை வெகுநேரம் பார்த்தது. அதன் நெற்றியில் மங்கையின் நெற்றியில் விழுவது போலவே இரண்டு கோடு விழுந்தது.

"இது நம்ம யானை இல்லம்மா."

"நம்ம யானதாம்ட்டி. பாரு, நீ போட்ட கோடு."

"கோட யாரும் போடலாம்" என்றாள் பூரணி. பக்கத்தில் விரலை வைத்து, யானையின் முகத்தில் பொட்டளவு இருந்ததைத் தொட்டாள். "இது என்னதும்மா?"

"அது கண்ணு."

"நம்ம யானைக்குக் கண்ணு கெடையாதே."

பூரணி புத்தகத்தை மூடி, இடுக்கிக்கொண்டு எழுந்தாள். ரூபனிடம் கேட்டு வர வேண்டும், அவன் யானைக்குக் கண் இருந்ததா என்று. கதவைத் தாண்டி, யார் கையையும் பிடிக்காமல், எதிர்வீட்டுக்குப் போனாள்.